மதிப்பெண்ணும் பேச்சுரிமையும்

நம் கலந்துரையாடற் கூட்டத்தில் பேசுவோர்க்கு அங்கத்தினர் மதிப்பெண் இடவேண்டும். மிகுதியாகப் பெற்றவரே அடுத்த முறை முதலில் பேசவேண்டும் என்கிறார் மாதுங்கா அன்பர் ஒருவர். வீண்பேச்சு குறையும் என்பது அவர் எண்ணம். நல்லெண்ணமே.

மதிப்பெண்ணின் சூட்சுமம் எம்மைப்போன்ற குமாஸ்தாக்களுக்குத் தெரியும். தேவதத் என்னும் மத்திய அரசுப் பொறியாளருடைய குறிப்பேட்டில் ஓராண்டு 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வுக்கோ 'மிக நன்று' வேண்டும்! அக்குறிப்பை அவருக்குத் தெரிவிக்கவுமில்லை. எக்குறிப்பாயினும் ஊழியருக்குத் தெரிவித்தேயாகவேண்டும் என்று 2008-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உத்தரமேரூரார் வேறு வழி கண்டனர். முதலாம் பராந்தக சோழன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, வாரிய உறுப்பினர்க்கு வயது 35-க்குமேல், 70-க்குள். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் ஆகார். முந்தைய 3 ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவரும் ஆகார். எஞ்சியோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனை எடுக்கச் செய்தனர். தகுதியுடையோருள் ஏற்றத்தாழ்வு கணக்கிடவில்லை. (நிலமும் வேதக் கல்வியும் கேட்டார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. தாராவியில் வாடகைக்கு இருப்பவருக்கு அங்கே இடமேது?)

தாராவி மறுசீரமைப்பைப் பற்றி நாம் பேசிய அன்று, மாடியில் குடியிருப்போர் கதி என்ன என்று கேட்டவர், அதற்குமுன் வாய் திறவாத இட்டலி வியாபாரி ஒருவர். அவருடைய மதிப்பெண் அன்றைக்குப் பூஜ்யமாகவே இருந்திருக்கும். அவர் முறை வருவதற்குள் செம்பூர் அன்பர்கள் ரயிலுக்கு எழுந்திருப்பார்கள்.

அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு. குடம் ஒன்று நான் கொண்டு வருகிறேன். ஓலைக்குப் பதில் துண்டுச்சீட்டு போதும்.