சீட்டு எழுதும் கை வேறு, கல்லாப்பெட்டி வேறு

பிரிட்டனில் மருந்தாளர்களின் வேலை மாறிக்கொண்டிருக்கிறது. டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பதோடு அவர்கள் கடமை முடிந்தது என்ற நிலை போய்விட்டது. நோயாளியைத் தாமே விசாரித்து, தாமே சோதித்து, தாமே சீட்டு எழுதும் உரிமை அவர்களுக்கு வந்திருக்கிறது. டாக்டர் ஒப்புக்கொண்ட திட்டத்துக்குள் நின்று எழுதலாம் என்று 2003ஆம் ஆண்டில் இது ஆரம்பமாயிற்று. சொந்தப் பொறுப்பிலேயே எழுதலாம் என்று 2006ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. 2026 முதல் புதிதாகப் பதிவு பெறும் ஒவ்வொரு மருந்தாளரும் இந்தத் தகுதியோடுதான் வெளியே வர வேண்டும் என்று 2021ஆம் ஆண்டில் கல்வி விதிகள் திருத்தப்பட்டன.

இது நல்லதா, கெட்டதா? உழைக்கும் மக்கள் இதை எப்படிப் பார்க்க வேண்டும்?

"இதில் என்ன அதிசயம்? நம் ஊர் மருந்து ஷாப்பில் காய்ச்சல் என்று சொன்னால் நாலு மாத்திரையை மடித்துக் கொடுத்துவிடுகிறார்களே!" என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். அது வேறு, இது வேறு. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்தை இங்கே கடைக்காரர் கொடுப்பது சட்டவிரோதம். கொடுக்கிறவர் மருந்தாளராகவே இல்லாமலும் இருக்கலாம். கொடுத்ததற்கு எழுத்து இல்லை. விபரீதம் ஆனால் பொறுப்பும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடுமே என்றுதான் தொழிலாளி அந்தக் கடை வாசலில் நிற்கிறான். அவனுடைய வறுமையை வைத்து நடக்கும் வியாபாரத்துக்கு வைத்தியம் என்று பெயர் வைக்க முடியாது.

பிரிட்டனில் படிப்பு உண்டு, மேற்பார்வை உண்டு, பதிவு உண்டு. ஏற்கெனவே வேலையில் இருக்கும் மருந்தாளர் சீட்டு எழுதத் தகுதி பெற வேண்டுமானால் குறைந்தது 26 நாள் பாடம் படிக்க வேண்டும். அதோடு 90 மணி நேரம் அனுபவமுள்ள ஒருவரின் கண்காணிப்பில் நோயாளிகளோடு பழக வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்கவும், நோயின் வரலாற்றைக் கேட்டு அறியவும், எப்போது நோயாளியை டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் வேண்டும். தேறிய பிறகும் தமக்குத் திறமை உள்ள துறைக்குள் மட்டுமே எழுதலாம். ஆஸ்பத்திரிகளிலும் குடும்ப டாக்டர்களின் நிலையங்களிலும் ரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற நோய்களுக்கு இத்தகைய மருந்தாளர்கள் இன்று மருந்தைக் கூட்டியும் குறைத்தும் எழுதி வருகிறார்கள்.

ஆகவே உரிமையை நாம் எதிர்க்கவில்லை. ஒரு மருந்தோடு இன்னொரு மருந்து சேர்ந்தால் என்ன ஆகும், மூத்திரக்காய் பழுதான கிழவருக்கு அளவை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதெல்லாம் மருந்தாளருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த மனிதனின் கையைக் கட்டிப்போட்டு, நோயாளியை வாரக்கணக்கில் டாக்டருக்காகக் காக்க வைப்பது யாருக்கு லாபம்?

பழைய வழக்கு

இந்தத் தகராறு இன்று பிறந்ததல்ல. லண்டனில் வில்லியம் ரோஸ் என்ற மருந்துக்காரர் ஒரு கசாப்புக்காரருக்கு, பெரிய வைத்தியரின் உத்தரவு இல்லாமல் தாமே மருந்து கொடுத்தார். வைத்தியர்களின் கல்லூரி அவர்மீது வழக்குப் போட்டது. கீழே தோற்ற ரோஸ், 1704ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையில் ஜெயித்தார். மருந்துக்காரர் நோயாளிக்கு யோசனை சொல்லலாம் என்று ஆயிற்று. பெரிய வைத்தியர்களுக்குப் பணம் கட்ட முடியாத சாதாரண மக்களுக்கு இதனால் ஒரு கதவு திறந்தது.

ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு பொறியும் இருந்தது. யோசனைக்கு அவர் காசு கேட்கக் கூடாது. மருந்துக்கு மட்டுமே கேட்கலாம். விளைவு என்ன? மருந்து அதிகம் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். ஒரு வேளை மருந்தே போதும் என்று சொல்கிறவர் பட்டினி கிடக்க வேண்டும். புட்டி புட்டியாகக் கொடுக்கிறவர் பிழைத்துக்கொள்வார். கூலி எதற்குக் கொடுக்கப்படுகிறதோ, வேலையும் அந்தப் பக்கம்தான் சாயும். பீஸ் ரேட்டில் நெய்தவர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

எண்ணிக்கை என்ற சாட்டை

இன்றைய கேள்வியும் அதுதான். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை 1948ஆம் ஆண்டில் பிறந்தது. சுரங்கத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிய அனூரின் பெவன் மந்திரியாக இருந்து அதை நிறுவினார். ஆனால் வீதியில் உள்ள மருந்துக் கடைகள் தனியார் கையிலேயே நின்றுவிட்டன. சிறு கடைகளோடு பெரிய கம்பெனிகளின் கடைச் சங்கிலிகளும் சர்க்காரிடம் ஒப்பந்தம் செய்துகொண்டு பணம் வாங்குகின்றன.

அங்கே நடந்த ஒன்றைப் பாருங்கள். நோயாளியோடு உட்கார்ந்து அவர் சாப்பிடும் மருந்துகளையெல்லாம் சரிபார்க்கும் ஒரு திட்டம் 2005ஆம் ஆண்டில் வந்தது. நல்ல நோக்கம்தான். ஒரு கடைக்கு வருஷத்துக்கு 400 வரை பணம் தரலாம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். கம்பெனிகளின் மானேஜர்கள் உச்சவரம்பையே கட்டாய இலக்காக மாற்றிவிட்டார்கள். "இன்று எத்தனை முடித்தாய்?" என்ற கேள்வி மருந்தாளரின் முதுகில் சாட்டையாக விழுந்தது. தேவைப்பட்ட நோயாளி யார் என்பது பின்னுக்குப் போயிற்று. பேப்பரில் 400 என்பது முன்னுக்கு வந்தது. 2021ஆம் ஆண்டில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது.

2024 ஜனவரி 31ஆம் தேதி இங்கிலாந்தில் இன்னொரு திட்டம் தொடங்கியது. தொண்டை வலி, காது வலி, அக்கி போன்ற ஏழு நோய்களுக்கு, எழுதி வைத்த விதிப்படி மருந்தாளரே மருந்து கொடுக்கலாம். தொடக்கத்தில் ஒரு ஆலோசனைக்கு 15 பவுன். மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அதே தொகைதான். இது சரியான வழி. யோசனைக்குத்தான் கூலி, புட்டிக்கு அல்ல. ஆனால் கூடவே, மாதத்துக்கு இத்தனை பேரைப் பார்த்தால் கடைக்கு மேலும் 1,000 பவுன் என்று ஒரு வாலையும் ஒட்டினார்கள். அந்த எண்ணிக்கையைப் படிப்படியாக ஏற்றவும் செய்தார்கள். பழைய சாட்டை புதிய உறையில் வருகிறதா என்று அங்குள்ள தொழிலாளர்கள் விழித்திருக்க வேண்டும்.

மருந்தாளர்களும் கைகட்டி நிற்கவில்லை. பூட்ஸ் என்ற பெரிய கம்பெனியில் தங்கள் சொந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டார்கள். கம்பெனி வேறொரு சங்கத்தோடு ஒப்பந்தம் செய்து குறுக்குச் சுவர் எழுப்பியது. வருஷக்கணக்கில் வழக்காடி, 2018ஆம் ஆண்டில் வாக்குப் போட்டு அந்தச் சுவரை இடித்தார்கள். 2019ஆம் ஆண்டில் தங்கள் சங்கத்தையே வாக்குப் போட்டு நிலைநிறுத்தினார்கள். "இந்த மருந்து வேண்டாம்" என்று நோயாளியிடம் தைரியமாகச் சொல்ல வேண்டுமானால், "இந்த எண்ணிக்கை முடியாது" என்று முதலாளியிடம் சொல்லும் பலம் வேண்டும். அந்தப் பலம் பட்டத்தில் இல்லை, சங்கத்தில் இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

நம் கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம்.

ஒன்று: பயிற்சி வேலை நேரத்தில், சம்பளத்தோடு நடக்க வேண்டும். நாள் முழுதும் கவுண்டரில் நின்றவர் ராத்திரி கண் எரியப் படித்துத் தேற வேண்டும் என்பது அநியாயம். மேற்பார்வை செய்ய ஆளைத் தேடி அலையும் பொறுப்பையும் பயிற்சி பெறுகிறவர் தலையில் கட்டக் கூடாது.

இரண்டு: சீட்டு எழுதுகிறவர் ஒருவர், அதே சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறவர் இன்னொருவர் என்று இருக்க வேண்டும். ஒருவர் தப்பை மற்றவர் பிடிப்பார். நோயாளியின் உயிருக்கு அதுதான் இரட்டைப் பூட்டு.

மூன்று: சீட்டுகளின் எண்ணிக்கையைக் காட்டிச் சம்பளம், போனஸ், மிரட்டல் எதுவும் கூடாது.

நான்கு: மருந்தாளரைக் காட்டி டாக்டர் வேலைகளைக் குறைக்கக் கூடாது. இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் ஏற்றுவதற்குச் சீர்திருத்தம் என்று பெயரிடுவதை ஆலைத் தொழிலாளர்கள் நன்றாக அறிவார்கள்.

இந்த நாலும் இருந்தால், மருந்தாளரின் பேனா ஏழை வீட்டு வாசலுக்கு வைத்தியத்தைக் கொண்டுவரும். இவை இல்லாவிட்டால் அதே பேனாவைப் பிடித்து முதலாளி கணக்கு எழுதுவான். பேனா யார் கையில் என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்தக் கையை யார் ஆட்டுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.