பெருநாள் ஹெலிகொப்டர் ஏன் இரண்டு கிழமைக்கு மேல் பறப்பதில்லை?

பெருநாள் முடிந்து இரண்டாவது கிழமை எமது பிள்ளைகளின் வீடுகளில் அலுமாரிக்கு மேலே பாருங்கள். ஒரு ரிமோட் ஹெலிகொப்டர் கிடக்கும். வால் முறிந்தது, ஓர் இறக்கை இல்லாதது, சார்ஜ் ஏறாதது என்று ஏதோ ஒன்று. பெருநாள் காசு எல்லாவற்றையும் சேர்த்து, மிச்சத்துக்கு வாப்பாவிடம் அடம்பிடித்து எடுத்த சாமான். பிள்ளையைக் கேட்டால் "பழுதாப் பெய்த்து சேர்" என்பான். உம்மாவைக் கேட்டால் "இவனுக்கு ஒரு சாமானும் வெச்சிப் பாவிக்கத் தெரியா" என்பார்.

உம்மா சொல்லும் அந்த வசனத்தோடுதான் எமக்குச் சண்டை. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அப்படிச் சொன்னால் அவன் அதை நம்பிவிடுகிறான். அடுத்த வருடம் வகுப்பில் மின்சுற்றுச் செய்யச் சொன்னால் "நான் தொட்டா பழுதாகும் சேர்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறான். விஞ்ஞானம் படிப்பிக்கிற நாம் வருடா வருடம் காண்கிற கை அது. ஆகவே ஹெலிகொப்டரை எப்படித் தெரிவுசெய்வது, எப்படிப் பேணுவது என்று இங்கே எழுதுகிறோம். விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு நீளமான பதிவா என்று கேட்பவர்கள், அலுமாரிக்கு மேலே கிடக்கும் காசைக் கணக்குப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போன பிறகு, இது இரண்டு நாள் சந்தோசத்துக்கு எறிகிற காசு இல்லை.

கடையில் விலை கேட்க முதல் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுக்கு இறக்கை தனியா எடுக்கலாமா?" ஆம் என்றால் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். இல்லை என்றால் பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. பழகும் பிள்ளை கட்டாயம் விழுத்துவான். முதல் கிழமையிலேயே இருபது முப்பது தடவை விழும். விழுந்தால் முதலில் போவது இறக்கை, அடுத்தது வால், அடுத்தது மேலே இருக்கும் சிறிய சமநிலைக் கம்பியை இணைக்கும் பிளாஸ்டிக் கொளுக்கி. இந்த மூன்றும் தனியாகக் கிடைக்காத ஹெலிகொப்டர் ஒரு தடவை பாவிக்கும் சாமான். புறக்கோட்டையில் நடைபாதையில் அடுக்கி வைத்திருப்பதில் பெரும்பகுதி இந்த வகைதான். பெட்டியில் மலைக்கு மேலே பறக்கிற படம் இருக்கும், உள்ளே மாற்று இறக்கை ஒரு சோடிகூட இருக்காது.

அடுத்து, எந்த வகை என்பது. தொடக்கக்காரருக்கு ஒரே அச்சில் மேலும் கீழுமாக இரண்டு இறக்கைத் தொகுதி சுழலும் வகையைத்தான் நாம் சொல்வோம். மேலே உள்ளது ஒரு பக்கம் சுற்றும், கீழே உள்ளது எதிர்ப்பக்கம் சுற்றும். ஒன்றின் மறுதாக்கத்தை மற்றது ஈடுசெய்வதால் உடல் சுழலாமல் நிற்கும். கையை விட்டாலும் ஓரளவு தானாக நிமிர்ந்துகொள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதிக்குக் கலாசாலையில் எமக்குப் பலூன் ஊதி விட்டுத்தான் காட்டினார்கள். அதைவிட இது நல்ல உதாரணம். கீழ் இறக்கைகளைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சுழலவிட்டால் உடல் எதிர்ப்பக்கம் திரும்புவதைப் பிள்ளை கண்ணால் காண்பான். (பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து, ஹெலியைத் தூக்க விடாமல் செய்யுங்கள்.)

இந்த வகையில் பெயர் சொல்லிக் கேட்கக்கூடியது சைமா எஸ் 107 ஜி. உடற்சட்டம் உலோகம், நிறை ஏறத்தாழ 40 கிராம், மூன்று சனல். மேலே கீழே, இடம் வலம் திரும்புதல், முன்னே பின்னே. பல வருடமாக விற்பனையில் இருப்பதால் அதன் உதிரிப்பாகங்கள் இணையத்திலும் தேடி எடுக்கலாம். அதே தோற்றத்தில் போலிகளும் உண்டு. அசலின் இறக்கை போலிக்குப் பொருந்தும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

"மூன்றரைச் சனல்" என்று பெட்டியில் போட்டிருந்தால் அந்த அரைக்குப் பெரிய அர்த்தம் தேடாதீர்கள். அது விற்பனைப் பேச்சு. நான்கு சனல் என்பதுதான் உண்மையான அடுத்த படி. அதில் பக்கவாட்டிலும் நகரலாம். ஒற்றை இறக்கைத் தொகுதியும் நிமிர்ந்த வால் விசிறியும் கொண்ட டபிள்யூஎல்டோய்ஸ் வி 911 அப்படிப்பட்டது. முதலாவதை மூன்று மாதம் விழுத்தாமல் ஓட்டிய பிள்ளைக்கு அது சரியான பரிசு. எக்ஸ்கே கே 110 போன்ற ஆறு சனல் ஹெலிகளில் பறக்கும்போதே இறக்கையின் கோணம் மாறும், தலைகீழாகவும் பறக்கும். வீடியோவில் பார்த்துவிட்டு அதைத்தான் முதலாவதாகக் கேட்பார்கள். தரம் 6 பிள்ளைக்கு உயர்தர வினாத்தாளைக் கொடுக்கிற வேலை அது.

இன்னொன்று, ரிமோட் எதில் வேலை செய்கிறது என்று பாருங்கள். எஸ் 107 ஜி போன்றவை ரீவி ரிமோட்டைப் போல அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்பவை. வெயிலுக்கு எடுத்தால் சூரியனின் அகச்சிவப்பில் சைகை அடிபட்டுப் போகும், ஹெலி சொன்னதைக் கேட்காது. எமது கிழக்குக் கரை வெயிலில் முற்றத்தில் பறக்கவிட்டு "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று சொல்பவர்களில் பாதிப் பேரின் ஹெலிக்கு ஒரு பழுதும் இல்லை. வீட்டுக்குள்ளே, மண்டபத்துக்குள்ளே அது நன்றாகப் பறக்கும். 2.4 கிகாஹேர்ட்ஸ் என்று போட்டிருப்பது ரேடியோ அலை, வெயில் அதற்குப் பொருட்டில்லை. ஆனால் காற்றுப் பொருட்டு. 40 கிராம் சாமானைக் கச்சான் காற்று எங்கே கொண்டு போடும் என்று சொல்லத் தேவையில்லை. வெளியே விடுவதென்றால் சுபஹுக்குப் பிறகு, தென்னோலை அசையாத நேரம் மட்டும்தான்.

வீட்டுக்குள்ளே விடும்போது சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். சிரிக்காதீர்கள். எம்மிடம் வந்து சேர்ந்த உடைந்த ஹெலிகளில் ஃபேனில் அடிபட்டவை தனிப் பிரிவு.

முதல் பறப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரிப் பயப்படுவார்கள். உயரே போனால் உடையும் என்று நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்திருப்பார்கள். நிலத்தில் பட்டுத் திரும்பும் காற்று அங்கேதான் ஹெலியை அலைக்கழிக்கும். நெஞ்சு உயரத்துக்கு எடுத்துவிட்டால் அமைதியாக நிற்கும். வால் எப்போதும் பிள்ளையைப் பார்த்தபடி இருக்கட்டும். மூக்கு தன்னைப் பார்த்துத் திரும்பினால் இடம் வலம் மாறித் தெரியும், அந்தக் குழப்பத்தில்தான் சுவரில் மோதும். தானாக ஒரு பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் ரிமோட்டில் அதற்கென்றே ஒரு சின்ன ட்ரிம் குமிழ் உண்டு, எதிர்ப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் போதும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமான பழக்கம் ஒன்றுண்டு. மோதப் போகிறது என்று கண்டவுடன் வேகத் தடியை முழுக்கக் கீழே இறக்க வேண்டும். பிள்ளைகள் செய்வது நேர்மாறு: காப்பாற்றப் பார்த்து மேலே தள்ளுவார்கள். இறக்கை திரைச்சீலையில் சிக்கி நிற்கும்போது மோட்டாருக்கு மின்னோட்டம் போய்க்கொண்டே இருந்தால் மோட்டார் கருகும், அல்லது உள்ளே உள்ள சுற்றுப்பலகை போகும். விழுந்து உடைந்ததைக் குறைந்த செலவில் திருத்தலாம். கருகியதைத் திருத்துவதைவிடப் புதிது எடுக்கலாம்.

இனிப் பெட்டரி. பெற்றோர் இதைப் பிள்ளையின் கையில் விடக் கூடாது. உள்ளே இருப்பது லிதியம் பொலிமர். பெயரளவில் 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. மூன்று வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிட்டால் அதன் ஆயுள் போகிறது. ஹெலி மேலே எழும்பச் சோம்பல்படத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம்" என்று நிலத்தில் தேய்த்துக்கொண்டு ஓட்டுவதுதான் பெட்டரியைக் கொல்கிறது. ஏழெட்டு நிமிடப் பறப்பு, பிறகு பத்துப் பதினைந்து நிமிட ஓய்வு, சூடு ஆறியதும் சார்ஜ். அந்த ஓய்வு மோட்டாருக்கும் தேவை. இவ்வளவு சிறிய மோட்டார்கள் சூட்டோடு தொடர்ந்து ஓடினால் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

பெட்டியில் வந்த சார்ஜ் வயரையே பாவியுங்கள். வேறு ஹெலியின் வயர் கொழுவிக்கொள்கிறதே என்று பூட்ட வேண்டாம், சிலவற்றில் நேர் மறை முனைகள் மாறியிருக்கும். இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது, மெத்தையிலும் பாயிலும் வைத்துச் சார்ஜ் போடக் கூடாது. சீமெந்து நிலம், அல்லது ஒரு மட்பாண்டத் தட்டு, பக்கத்தில் ஆள். பெட்டரி அப்பளம் போல உப்பியிருந்தால் அதோடு அதன் வேலை முடிந்தது. குத்தவோ அமுக்கவோ சார்ஜ் போடவோ வேண்டாம், குப்பையோடு சேர்த்து எரிக்கவும் வேண்டாம். எமது ஊர்களில் பின்வளவில் குப்பை கொளுத்தும் பழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். பெட்டரி மாற்ற போன் திருத்தும் தம்பிமாரிடம் கொடுக்கலாம். பழைய வயர்களில் ஒன்றை வெட்டி ஒட்டி முடித்த பிறகே மற்றதைத் தொடும் ஆளாகப் பார்த்துக் கொடுங்கள். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் கத்தரிக்கோலிலேயே ஷோர்ட் ஆகும்.

கிழமைக்கு ஒரு தடவை பத்து நிமிடம் ஒதுக்கினால் மீதிப் பராமரிப்பு முடிந்துவிடும். அச்சில் சுற்றியிருக்கும் தலைமயிரையும் பாய் நூலையும் இடுக்கியால் எடுக்க வேண்டும். வீட்டுக்குள் பறக்கும் ஹெலி இறுகுவதற்கு முதல் காரணம் இதுதான். கடற்கரை ஊர்களில் மணலும் உப்புக் காற்றும் வேறு. பழைய பல் தூரிகையால் கியரைத் துடைத்துவிட்டு, உலோக அச்சுக்குத் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது பிசுபிசுத்துப் போய்த் தூசியைப் பிடித்து வைக்கும். இறக்கையின் ஸ்குரூவை இறுக்கிப் பூட்டாதீர்கள். இறக்கை தன் பாட்டில் மடங்கக்கூடிய தளர்வு இருந்தால்தான் மோதும்போது முறியாமல் மடங்கும். வெடித்த இறக்கைக்கு டேப் ஒட்டினால் நிறை மாறி முழு ஹெலியும் நடுங்கும், மாற்றத்தான் வேண்டும். ரிமோட்டில் இருக்கும் சாதாரண பெட்டரிகளை, நாள் கணக்கில் பாவிக்காவிட்டால், கழற்றி வையுங்கள். கசிந்து பச்சை பிடித்த ரிமோட்டுகள் எம்மிடம் ஒரு பை நிறைய உண்டு.

சிலர் கேட்கிறார்கள்: இந்தக் காலத்தில் ஹெலிகொப்டர் எதற்கு, ட்ரோன் வாங்கிக் கொடுக்கலாமே? ட்ரோனை ஓட்டுவது இலகு, உண்மைதான். நான்கு மோட்டார்களின் வேகத்தை மாற்றி மாற்றி அதன் உள்ளே உள்ள கணினியே சமநிலை பார்த்துக்கொள்கிறது. திறந்து பார்த்தால் பிள்ளை காண்பதற்கு நான்கு மோட்டாரும் ஒரு சுற்றுப்பலகையும்தான். ஹெலியில் கியர், ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் இரட்டை அச்சு, கொளுக்கி, சமநிலைக் கம்பி என்று எல்லாமே கண்ணுக்குத் தெரியும், கையால் கழற்றிப் பூட்டலாம். எமக்கு வேண்டியது அந்தக் கை.

கேமரா விசயமும் உண்டு. 2019 ஏப்ரல் 25இல் சிவில் விமான சேவைகள் அதிகாரசபை நாடு முழுக்க ட்ரோன் பறப்பைத் தடைசெய்தது நினைவிருக்கும். அந்த நாட்களில் எமது ஊர்களில் ஒரு வயர்த் துண்டை வீட்டில் வைத்திருக்கவும் பயந்த பெற்றோர் இருந்தார்கள். அந்தப் பயத்தின் மிச்சத்தை, சோல்டரிங் அயர்ன் கேட்கும் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் பதிலில் இன்றும் கேட்கிறோம். பயந்ததற்காக யாரையும் நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அதற்காக ஒரு தலைமுறையே மோட்டாரைத் தொடாமல் வளர வேண்டுமா? கேமரா இல்லாத, வரவேற்பறைக்குள் பறக்கும் 40 கிராம் ஹெலி யாருடைய வளவையும் எட்டிப் பார்க்காது. முதல் சாமானாக அதைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கேமரா பூட்டிய எதையும் விதிமுறைகளை விசாரிக்காமல் பெருநாளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இன்னும் ஒன்று, ஏன் எப்போதும் மகனுக்கு மட்டும்? மகளுக்குப் பெருநாளுக்கு வளையல்தானா? வகுப்பில் ஒரு மில்லிமீற்றர் ஸ்குரூவை விழுத்தாமல் பூட்டுவதும், கொளுக்கியை முறிக்காமல் கழற்றுவதும் பெரும்பாலும் பெண் பிள்ளைகள்தான். பையன்மார் ஓட்டுவதற்கு முந்திக்கொள்வார்கள், திருத்தும்போது காணாமல் போய்விடுவார்கள்.

அலுமாரிக்கு மேலே கிடப்பதை எறிய வேண்டாம். வியாழக்கிழமை பாடசாலை விட்டதும் விஞ்ஞானகூடம் திறந்திருக்கும், ரிமோட்டோடும் சார்ஜ் வயரோடும் கொடுத்தனுப்புங்கள், உப்பிய பெட்டரி மட்டும் வேண்டாம். இரண்டு செத்த ஹெலியிலிருந்து ஒன்றைப் பறக்க வைக்கலாம் என்பது எமது பிள்ளைகளின் கணக்கு, போன தவணை ஐந்திலிருந்து இரண்டு எழும்பியது. தூரத்து ஊர்க்காரர்கள் மாடலின் பெயரையும் என்ன நடக்கிறது என்பதையும் கீழே எழுதுங்கள். இறக்கை சுற்றுகிறதா, லைட் எரிகிறதா, சார்ஜ் போட்டால் சூடாகிறதா என்ற மூன்றையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்வது இலகு.