ஓட்டு கேக்க வந்தியா, மன்னிப்பு கேக்க வந்தியா?

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கறப்ப பொறுமையா படிங்க.

மறுபடியும் தேர்தல் பேச்சு ஆரம்பிச்சிடுச்சு. நம்ம ஆலயப் புலனக் குழுவுல போன வாரம் ரெண்டு பேர் கட்சி விஷயத்துல மோதிக்கிட்டாங்க. ஒருத்தர் குழுவை விட்டே போயிட்டார். பல வருஷமா சாமிக்குப் பூ கட்டிக் குடுக்கற குடும்பம் அவங்களோடது. அதைப் பார்த்ததும் எனக்கு 2022 ஞாபகம் வந்திடுச்சு. அப்ப நான் பண்ணின ஒரு தப்பை இங்க சொல்லிடறேன். சொல்லக் கூச்சமாதான் இருக்கு. ஆனா சொல்லாம மத்தவங்களுக்குப் புத்தி சொன்னா அது நியாயம் இல்ல.

அந்த வருஷம் அக்டோபர் 30-ஆம் தேதி சூரசம்ஹாரம். நவம்பர் 5-ஆம் தேதி வேட்புமனு தாக்கல். நடுவுல ஒரு வாரம்கூட இல்ல. விரதம் முடிச்ச கையோட நான் கட்சிக் கொடியைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டேன். நான் பக்காத்தான் ஹராப்பான் பக்கம். நம்ம அன்னதான சமையல்கட்டைப் பல வருஷமாப் பார்த்துக்கிட்ட அண்ணன் தேசிய முன்னணி பக்கம். அவரு மகனுக்கு அப்பத்தான் 18 வயசு முடிஞ்சிருந்தது. பொதுத் தேர்தல்ல அப்பத்தான் முதல் தடவையா 18 வயசுப் பிள்ளைங்களுக்கும் ஓட்டு. பையன் நீல டீசட்டை போட்டுக்கிட்டு மழையில நனைஞ்சு கம்பத்துல கொடி கட்டுவான்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, அன்னதான வரிசை. எல்லாரும் தட்டோட நிக்கறாங்க. அண்ணன் சாம்பார் ஊத்திக்கிட்டு இருந்தார். நான் சத்தமா, "என்னாண்ணே, ஒரு டீசட்டைக்கும் ஒரு பொட்டலம் சோத்துக்கும் மகனை வித்துட்டீங்களா?"ன்னு கேட்டேன். நாலு பேர் சிரிச்சாங்க. எனக்குப் பெருமையா இருந்தது. பையன் தண்ணி கேனைத் தூக்கிக்கிட்டு அங்கயேதான் நின்னான்.

அண்ணன் ஒன்னும் பேசல. வரிசையில கடைசி ஆள் வரைக்கும் பரிமாறினார். எனக்கும்தான். அப்புறம் கரண்டியைக் கழுவிக் கவுத்து வச்சிட்டுப் போயிட்டார். மறு வாரம் சமையல்கட்டுக்கு வரல.

இதுல இன்னொன்னு சொல்லணும். ஃபேக்டரியில நான் லைன் சூப்பர்வைசர். மலாய்க்காரங்க, தமிழ்ப் பிள்ளைங்க, நேப்பாளிங்க எல்லாம் ஒரே லைன்ல நிப்பாங்க. தேர்தல் நேரத்துல லைன்ல அரசியல் பேசக் கூடாதுன்னு நானேதான் கண்டிப்பா சொல்லி வச்சிருந்தேன். வேலை செய்யற இடத்துல இருந்த அந்தக் கட்டுப்பாடு, சாமி இருக்கற இடத்துல எனக்கு இல்லாமப் போச்சு.

எங்க தொகுதி கெடாவுல பாடாங் செராய். வெளியூர் அன்பர்கள் மறந்திருக்கலாம், அந்தத் தேர்தல்ல எங்களுக்கு மட்டும் வேற கதை நடந்தது. 2018-ல இருந்து எங்க நாடாளுமன்ற உறுப்பினரா இருந்து, மறுபடியும் நின்ன எம். கருப்பையா அவர்கள் நவம்பர் 16-ஆம் தேதி காலமாயிட்டார். நாடு முழுக்க ஓட்டுப் போட மூணு நாள்தான் இருந்தது. எங்க தொகுதிக்கு மட்டும் வாக்களிப்பை டிசம்பர் 7-க்குத் தள்ளி வச்சாங்க.

சேதி வந்த அன்னிக்கு ராத்திரி நான் ஆலயத்துல உக்காந்திருந்தேன். அண்ணன் வந்தார். கையில எண்ணெய்ப் போத்தல். குருக்கள்கிட்ட மோட்ச தீபம் ஏத்தச் சொன்னார். யாருக்குன்னு குருக்கள் கேட்டதுக்கு, "நம்ம ஒய்பிக்குத்தான் சாமி"ன்னார். எதிர்க் கட்சிக்காரர். நம்ம ஒய்பின்னு சொன்னார். எங்க கட்சிக்காரங்க நாங்க அத்தனை பேர் இருந்தோம், எங்க ஒருத்தருக்கும் அது தோணல. நான் பத்தடி தள்ளி நின்னேன். போய் மன்னிப்பு கேட்டிருக்கலாம். கால் நகரல.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 19-ஆம் தேதி நாடு முழுக்க ஓட்டு எண்ணினாங்க, யாருக்கும் பெரும்பான்மை இல்ல. 24-ஆம் தேதி டத்தோஸ்ரீ அன்வார் பிரதமரா பதவி ஏத்தார். யாரோட சேர்ந்து? தேசிய முன்னணியோட! எந்தக் கட்சிக்காக நான் அண்ணனை அவமானப்படுத்தினேனோ, அந்தக் கட்சியும் அவர் கட்சியும் ஒரே அரசாங்கத்துல உக்காந்தாச்சு. எங்க தொகுதியிலயும் வாக்களிப்புக்குச் சில நாள் முன்னாடி தேசிய முன்னணி வேட்பாளர் ஒதுங்கிக்கிட்டு எங்க பக்கத்துக்கு வழி விட்டார். தலைவருங்க கைகோத்து நின்ன படம் பேப்பர்ல வந்தது. நம்ம சமையல்கட்டுல அண்ணன் இடம் காலியாவே கிடந்தது.

கட்சியில எனக்கு வீடு வீடாப் போக ஒரு பட்டியல் குடுத்தாங்க. அதுல அண்ணன் வீடும் இருந்தது. போனேன். கேட்டைத் தொறந்தார், உக்கார வச்சார், கோப்பி குடுத்தார். நான் இழுத்து இழுத்து ஏதோ பேசினேன். அவர் கேட்டார்: "தம்பி, ஓட்டு கேக்க வந்தியா, மன்னிப்பு கேக்க வந்தியா? ரெண்டையும் ஒன்னா கேக்காதே."

பதில் சொல்ல முடியாமக் கோப்பியைக் குடிச்சிட்டு எழுந்து வந்துட்டேன்.

டிசம்பர் 7-ல ரெண்டு கூட்டணியும் சேர்ந்தும் நாங்க தோத்தோம். பெரிகாத்தான் ஜெயிச்சது. என் லைன்ல பெரிகாத்தானுக்கு வேலை செஞ்ச மலாய்ப் பையன் ஒருத்தன் இருந்தான். மறுநாள் காலையில இவன் நல்லா குத்திக் காட்டப் போறான்னு நினைச்சுக்கிட்டே போனேன். அவன் வழக்கம்போல, "பாஸ், ரெண்டாவது மெஷின்ல சத்தம் வருது"ன்னான். அவ்வளவுதான். தேர்தலைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. ஜெயிச்சவன் காட்டற கருணை அப்படித்தான் இருக்கணும்னு அன்னிக்குப் படிச்சேன்.

அந்த வாரமே அண்ணன் வீட்டுக்கு மறுபடி போனேன். இப்ப ஓட்டு இல்ல, கேக்க வேற எதுவும் இல்ல. "தப்பு பண்ணிட்டேண்ணே"ன்னு சொன்னேன். 2023 தைப்பூசத்துக்கு அவர் சமையல்கட்டுக்குத் திரும்பி வந்தார்.

பையன் மட்டும் இன்னும் வரல. ஆலயத்துக்கு முன்னால மோட்டார்ல போவான். கோபுரத்தைப் பார்த்து நெஞ்சுல கை வச்சிட்டுப் போயிடுவான், உள்ள வர மாட்டான். முதல் ஓட்டுப் போடற வயசுல ஒரு பிள்ளையை அத்தனை பேர் முன்னால அசிங்கப்படுத்தினேன். அதுக்குத் தைப்பூசமும் தீர்வு குடுக்கல.

சிலர் கேப்பீங்க, அப்ப தப்பைத் தட்டிக் கேக்கக் கூடாதான்னு. தாராளமா கேளுங்க. தமிழ்ப்பள்ளிக்கு என்ன செஞ்சீங்க, ஆலய நிலத்துக்கு என்ன வழி, நம்ம பிள்ளைங்க வேலைக்கு என்ன திட்டம்னு வேட்பாளர் முகத்துக்கு நேரா கேளுங்க. உங்க ஓட்டு உங்க இஷ்டம், அதை யாருக்கும் விட்டுக் குடுக்க வேணாம். ஆனா கொடி கட்டற பையன்கிட்ட ஆலய நிலத்துக்குப் பட்டா இல்ல. அவனைத் திட்டி என்ன ஆகப் போவுது?

இன்னொருத்தர் சொல்வார், "அவங்கதான் முதல்ல ஆரம்பிச்சாங்க"ன்னு. நம்ம சாமி கதையையே பாருங்க. சூரன் எவ்வளவு கொடுமை பண்ணினான். கடைசியில மாமரமா நின்னவனை வேல் ரெண்டாப் பிளந்தது. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். ஒன்னை வாகனமா ஏத்துக்கிட்டார், ஒன்னைக் கொடியில வச்சுக்கிட்டார். எதிரியையே தன் கொடியில வச்சுக்கிட்ட சாமியைக் கும்பிடற நமக்கு, வேற கொடி பிடிக்கிற பக்கத்து வீட்டுக்காரரோட உக்காந்து சாப்பிட முடியலேன்னா என்ன அர்த்தம்?

வரப் போற தேர்தலுக்கு நம்ம ஆலயத்துல சிலதைக் கடைப்பிடிக்கலாம்னு நிர்வாகத்துகிட்ட கேக்கப் போறேன். எந்தக் கட்சி வேட்பாளர் வந்தாலும் ஒரே விபூதி, ஒரே மரியாதை. மாலை போட்டா எல்லாருக்கும் போடுவோம், இல்லேன்னா யாருக்கும் வேணாம். வெயில்லயும் மழையிலயும் கொடி கட்டற பிள்ளைங்க எந்தச் சட்டை போட்டிருந்தாலும் கூப்பிட்டுத் தண்ணி குடுப்போம், சாப்பாட்டு நேரம்னா சாப்பாடும் போடுவோம். ஒருத்தர் குடும்பத்தை இழுத்துப் பேசற குரல் பதிவு வந்தா, அது நம்ம குழுவோட நிக்கட்டும், அடுத்த குழுவுக்குப் போக வேணாம். முடிவு தெரிஞ்ச மறுநாள், ஜெயிச்ச பக்கத்துக்காரர் தோத்த பக்கத்துக்காரர் வீட்டுக்குப் போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வரட்டும்.

குழுவை விட்டுப் போன அந்தப் பூக்கட்டற குடும்பத்தை இந்த வாரம் நான் நேர்ல போய்ப் பார்க்கறேன். ஓட்டு கேக்கறதுக்காக இல்ல. கூட வர விருப்பம் உள்ளவங்க சொல்லுங்க.

அப்புறம், வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்க ஆள் வேணும். சாயந்திரம் 4 மணிக்கு வந்தா போதும். எந்தக் கட்சியா இருந்தாலும் வரலாம், கத்தி மட்டும் நாங்க தரோம்.

முருகன் துணை.