லேமினேஷன் என்னும் சமாதி

காவிரி டெல்டாவில் பழைய நிலப்பத்திரம் இல்லாத வீடு குறைவு. தாத்தா காலத்துப் பத்திரம் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, ஓரத்தைப் பூச்சி ருசி பார்த்து, டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும். ஒருநாள் வீட்டில் யாருக்காவது பொறுப்பு வரும். நேரா ஜெராக்ஸ் கடை. "நல்லா கெட்டியா லேமினேஷன் போட்டுக் குடுங்க, நூறு வருஷம் தாங்கணும்!" பளபளவென்று வெளியே வந்ததும் எல்லோருக்கும் பரம திருப்தி.

அடப்பாவிகளா... அது பாதுகாப்பு இல்லை, சமாதி!

சூட்டில் உருகிய பசை காகிதத்துக்குள் இறங்கிவிட்டால் கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது. காகிதத்தில் ஏற்கெனவே இருக்கும் அமிலம் உள்ளேயே இருந்து அரிக்கும். செல்லோ டேப் இன்னும் மோசம். சில வருஷத்தில் டேப் உதிரும், பழுப்புக் கறை மட்டும் நிரந்தரமாகத் தங்கும்.

சரி, வேறு என்னதான் வழி? காகிதம்தான்! ஜப்பானில் கோசோ என்ற செடியின் பட்டையிலிருந்து எடுக்கும் டிஷ்யூ காகிதம். நம் ஜெராக்ஸ் தாள் சதுர மீட்டருக்கு 70, 80 கிராம். இதில் 10 கிராமுக்கும் குறைவான ரகங்கள் உண்டு. ஆனால் நார் நீளம் என்பதால் லேசில் கிழியாது. புரதம் நீக்கிய கோதுமை ஸ்டார்ச்சில் பசை காய்ச்சி, கிழிசலுக்குப் பின்னால் ஒட்டுவார்கள். வேண்டாம் என்றால் ஈரப்படுத்தி எடுத்துவிடலாம். 1966 வெள்ளத்தில் பிளாரன்ஸ் நகரத்து நூல்கள் நாசமானபோது கைகொடுத்ததும் இந்த மாதிரிக் காகிதம்தான். பெயிண்ட் உதிரும் ஓவியங்களில், உதிராமல் பிடித்துக்கொள்ள மேலே தற்காலிகமாக ஒட்டுவதும் இதைத்தான்.

"இவ்வளவு மெல்லிசா இருந்தா என்ன பலம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரே வார்த்தை: ஃபியூஸ். வீடு எரியாமல் இருக்கத்தான் ஃபியூஸ் கம்பி முதலில் போகிறது. ஒட்டும் அப்படித்தான். இழுபட்டால் ஒட்டு கிழியணும், பத்திரம் கிழியக்கூடாது.

இதில் படித்தவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் டெல்லி தேசிய ஆவணக் காப்பகமே செல்லுலோஸ் அசிடேட் படலமும் டிஷ்யூவும் வைத்து, அசிட்டோன் தடவி ஒட்டும் முறையைப் பரப்பியது. காலப்போக்கில் அந்தப் படலமே சிதைந்து அமிலம் விடும் என்பது பிறகுதான் உறைத்தது. அதையாவது அசிட்டோனில் கரைத்து எடுக்கலாம். கடை லேமினேஷனை?

இரண்டாம் சரபோஜி (1798-1832) ஓலையும் காகிதமுமாகச் சேர்த்துவைத்து, 1918-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட சரஸ்வதி மகால் இருக்கும் தஞ்சாவூரிலேயே இந்தக் கூத்து நடக்கிறது என்பதுதான் கொடுமை.

லேமினேஷன் ஆசை அடங்கவில்லையா? தாராளமாகப் போடுங்கள்... ஜெராக்ஸ் காப்பிக்கு! அசலைப் பிரித்து, அமிலமில்லாத காகித உறைக்குள் சும்மா வையுங்கள். கிழிசலை விஷயம் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். தாத்தா கைநாட்டு இன்னும் கொஞ்ச காலம் மூச்சு விடட்டும்.