வாசித்த பகுதி யாருக்கு?

சேர்வராயன் மலையில் நோயுற்ற ஒருவரை மருத்துவமனையில் சேர்க்கும்போது மாற்றுத்துணி, பிளாஸ்க், தட்டு, போர்வை ஆகியவற்றோடு வேதாகமத்தையும் பையில் வைத்துக் கொண்டுவரும் குடும்பங்கள் பல. கத்தோலிக்கர் அதனைத் திருவிவிலியம் என்பர். பிற சபையார் பரிசுத்த வேதாகமம் என்பர். கிளியூரிலிருந்து வந்தவராயினும், தொலைவிலுள்ள காப்பித் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து வந்தவராயினும், இரவு மருந்து கொடுத்து முடிந்து வார்டு சற்றே அமைதியுறும் நேரத்தில் கட்டிலருகே அமர்ந்து தாழ்ந்த குரலில் ஒரு பகுதியை வாசிப்பது வழக்கம். நல்ல வழக்கம் அது. வாசிப்பு முடிந்தபின் தொடங்கும் பேச்சைப் பற்றியே நாங்கள் இங்கு எழுத விரும்புகிறோம்.

அப்பேச்சு பெரும்பாலும் படுத்திருப்பவரை நோக்கியே செல்கிறது. விசுவாசம் இன்னும் உறுதிப்பட வேண்டும் என்கிறார் ஒருவர். செய்த பொருத்தனை எதுவும் நிறைவேறாமல் நிற்கிறதா என்று வினவுகிறார் மற்றொருவர். யாரையேனும் மன்னிக்காமல் இருக்கிறாயா என்று மூன்றாமவர் கேட்கிறார். வாசித்தவர் நலமாக இருக்கிறார். பாடம் மட்டும் காய்ச்சலில் கிடப்பவருக்கு. இது முறையன்று என்பது எங்கள் கருத்து. கட்டிலருகே வாசிக்கப்படும் பகுதி முதலில் அதனை வாசிப்பவருக்கு உரியது.

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். கப்பர்நகூமில் ஒரு வீடு, வாயிலில் நெரிசல். நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைப் படுக்கையோடு சுமந்து வருகிறார்கள். உள்ளே நுழைய வழியின்றிக் கூரையைப் பிரித்து அவனைக் கீழே இறக்குகிறார்கள். இம்மலையில் வாழ்வோருக்கு இக்காட்சியை விளக்க வேண்டுவதில்லை. வாகனம் செல்லாத மலைச் சிற்றூர்களிலிருந்து டோலி கட்டி நோயாளியைச் சுமந்து வருவதை நம் மூத்தோர் அறிவர். தோள் மாற்றுவதற்கு ஆள் வேண்டும். மழையில் வழுக்கும் பாறையில் முன்னால் செல்பவர் கால் ஊன்றும் இடத்தைப் பின்னால் வருபவர் பார்த்துக்கொள்ள வேண்டும். சாலைக்கு வந்துசேர்ந்த பின்னரும், சேலத்துக்கு அனுப்ப நேர்ந்தால், இருபது கொண்டையூசி வளைவுகள் காத்திருக்கின்றன. நற்செய்தியாளர் அந்த இடத்தில் எழுதியிருப்பதைக் கவனிக்க வேண்டும். இயேசு கண்டது 'அவர்களுடைய' விசுவாசத்தை. அந்தப் பன்மையில் படுத்திருந்தவனும் அடங்குவான் என்று சிலர் விளக்கம் கூறலாம். அதனை மறுக்க நாங்கள் முற்படவில்லை. ஆயினும் அப்பகுதி முழுவதிலும் அவன் வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. வியர்வை சிந்தியவர்கள் அந்த நால்வர். வலியில் கிடப்பவர் தமது விசுவாசத்தை மெய்ப்பித்துக் காட்டவேண்டும் என்று யாரும் அங்கே கேட்கவில்லை. ஆகவே இப்பகுதியைக் கட்டிலருகே வாசிக்கும் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: டோலியின் எந்த முனையை நாம் பிடித்திருக்கிறோம்?

யார் செய்த பாவத்தால் இவன் குருடனாய்ப் பிறந்தான் என்று சீடர்கள் கேட்டதையும், இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்லர் என்னும் பொருள்பட இயேசு விடையளித்ததையும் யோவான் ஒன்பதாம் அதிகாரம் கூறுகிறது. யோபுவின் நண்பர்கள் கதையும் அனைவரும் அறிந்ததே. அவர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். பேசத் தொடங்கிய பின்னரே இடறினார்கள். நூலின் முடிவில் கடவுளின் சினத்துக்கு ஆளானார்கள். நோயாளியைப் பார்க்க வரும் உறவினர் இதனைச் சற்று நினைவில் கொள்வது நலம். சங்கீதங்களில் எண்பத்தெட்டாவது, தேற்றுரை ஏதுமின்றி இருளிலேயே முடிகிறது. அத்தகைய மன்றாட்டுக்கும் வேதத்தில் இடம் உண்டு என்றால், "ஏன் அழுகிறாய்?" என்று நோயாளியைக் கடிந்துகொள்ள நாம் யார்?

வாசித்ததைத் தம்மேல் ஏற்றுக்கொண்டவர் ஒருவரின் பணி நம் தமிழ் நிலத்திலேயே இன்றும் நின்று நிலவுகிறது. 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், மருத்துவ மறைப்பணியாளர் குடும்பத்தின் மகள்; எனினும் இந்தியாவில் தங்கிவிடும் எண்ணம் இளமையில் அவருக்கு இல்லை. திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து ஆண்கள் வந்து, பேறுகால வேதனையில் இருந்த தங்கள் மனைவியரைக் காக்க அவரை அழைத்தார்கள். அவரோ மருத்துவர் அல்லர். மருத்துவரான தந்தையை அனுப்புவதாகச் சொன்னபோது, அந்நிய ஆண் தங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடலாகாது என்று மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தனர். அக்குடும்பங்களின் வழக்கத்தைக் குறைகூறிக்கொண்டு அவர் நின்றுவிடவில்லை. தாமே மருத்துவம் கற்கப் புறப்பட்டார். 1900-இல் மருத்துவராகத் திரும்பினார். 1902-இல் வேலூரில் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனை திறக்கப்பட்டது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குறிக்கோளுரை மாற்கு 10-ஆம் அதிகாரத்தின் 45-ஆம் வசனத்திலிருந்து பெறப்பட்டது: பிறர் தமக்குத் தொண்டு செய்ய அன்று, தாம் தொண்டு செய்யவே மானிட மகன் வந்தார் என்பது அதன் கருத்து.

அவ்வசனத்தை அடுத்து என்ன வருகிறது என்று பார்ப்போர் குறைவு. எரிகோவின் வழியோரத்தில் பார்வையற்ற பர்திமேயு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு என்ன வேண்டும் என்பது அங்கிருந்த அனைவருக்கும் வெளிப்படை. அவ்வாறிருந்தும் இயேசு அவனிடம், உனக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார். தொண்டு செய்ய வந்தவர் முதலில் கேட்கிறார். யாக்கோபு தம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் நோயாளிக்காகச் செபிப்பதைப் பற்றி எழுதும்போதும், சபையின் மூப்பர்களை வரவழைப்பவர் நோயாளியே. "பெரியம்மா, இப்போது வாசிக்கட்டுமா, சற்றுத் தூங்குகிறீர்களா?" என்று கேட்பதற்கு அரை நிமிடமும் ஆகாது. அடுத்த கட்டிலில் இருப்பவர் வேறு சமயத்தவராக இருக்கலாம். அறுவை சிகிச்சை முடிந்து அப்போதுதான் கண்ணயர்ந்தவராகவும் இருக்கலாம். உரத்த குரலில் செபித்தால்தான் ஆண்டவர் கேட்பார் என்று வேதத்தில் எங்கும் சொல்லப்படவில்லை.

மாத்திரையைப் பற்றியும் ஒரு சொல். செபித்தாயிற்று, இனி மருந்து எதற்கு என்று நிறுத்திவிடுவோர் இன்றும் உள்ளனர். எசேக்கியா அரசன் கண்ணீரோடு மன்றாடினான், மன்றாட்டு கேட்கப்பட்டது, அதன் பின்னரும் ஏசாயா அத்திப்பழ அடையைப் புண்மேல் வைத்துக் கட்டச் சொன்னார். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் சொன்னதும் கைம்மருந்துதான். அதே பவுல் துரோப்பீமுவை நோயுற்றவனாக மிலேத்துவில் விட்டுவர நேர்ந்தது. அவனிடம் விசுவாசம் குறைவு என்று அவர் எழுதவில்லை. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் உள்ள சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கும்படி நேரடியாகவே கூறுகிறது. நாகமான் யோர்தானில் ஏழுமுறை மூழ்கவேண்டியிருந்தது. ஆறோடு கரையேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வழக்கமான காசநோய்ச் சிகிச்சை ஆறு மாதம். இரண்டாம் மாதத்திலேயே இருமல் தணிந்து, பசி எடுத்து, உடல் தேறும். அப்போது மருந்தை நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காதவையாகவும் மாறக்கூடும். ஆறாம் மாதம்வரை மாத்திரையை எடுத்துக்கொடுக்கும் கை, செபிக்கும் கையும்தான்.

இறுதியாக, உடனிருப்போரைப் பற்றி. நல்ல சமாரியன் கதை எல்லாச் சபையிலும் பிரசங்கிக்கப்படுகிறது. அதன் கணக்கு வழக்கை யாரும் பேசுவதில்லை. காயங்களைக் கட்டினான், சத்திரத்தில் இரவு முழுதும் பார்த்துக்கொண்டான், மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தான். மத்தேயு இருபதாம் அதிகாரத்தின்படி ஒரு தெனாரியம் ஒருநாள் கூலி. ஆக, இரண்டு நாள் கூலி. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் மருத்துவமனையில் தங்கும் ஒரு மகளோ மருமகளோ இழப்பது எத்தனை நாள் கூலி என்று, ஞாயிற்றுக்கிழமை பழப்பையோடு வந்து போகும் அண்ணன் தம்பிமார் எண்ணிப் பார்க்க வேண்டும். சமாரியன் மறுநாள் புறப்பட்டுப் போனான் என்பதும் கதையில் உண்டு. பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்தான், செலவை ஏற்றான், திரும்பி வருவதாகச் சொன்னான். அவனை யாரும் கைவிட்டவன் என்று சொல்வதில்லை. வாரத்தில் இரண்டு இரவாவது முறை மாற்றிக்கொள்ளும் குடும்பம் இப்பகுதியை மெய்யாகவே வாசித்திருக்கிறது என்போம்.

முறை மாற்ற யாரும் இல்லாதவர்களும் உண்டு. அவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது எலியாவின் கதை. களைத்துப்போய், போதும், உயிரை எடுத்துக்கொள்ளும் என்று ஒரு சூரைச்செடியின் கீழ்ப் படுத்துவிட்ட அவரிடம் தூதர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. தழலில் சுட்ட அப்பமும் ஒரு குடுவைத் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. உண்டார், மீண்டும் தூங்கினார். இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணச் சொன்ன பிறகே ஓரேபுக்கு நாற்பது நாள் நடை. இராஜாக்களின் முதலாம் புத்தகம், பத்தொன்பதாம் அதிகாரம், முதல் எட்டு வசனங்கள். கட்டிலடியில் பாய் விரித்துக் கிடப்போர் இன்றிரவு அதனைத் தமக்கென்றே வாசிக்கலாம்; முதலில் சாப்பிட்டுவிட்டு.