பாம்பு எப்படி நகர்கிறது?



முழு ஆண்டுத் தேர்வு முடிந்த வாரத்திலிருந்தே நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களின் பேச்சு மாறிவிடுகிறது. ‘காலையில் கண் விழித்ததும் போனைத்தான் தேடுகிறான், ராத்திரி பிடுங்கி வைத்தால்தான் சாப்பிட வருகிறான்’ என்று அம்மாக்கள் எழுதுகிறீர்கள். ‘கோடிங் வகுப்பில் சேர்க்கலாமா, ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கிறார்களே’ என்று அப்பாக்கள் எழுதுகிறீர்கள். இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்லத் தோன்றுகிறது. போனில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம், ஒரு சின்னக் கணினி விளையாட்டைத் தானே செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

இதை எனக்குக் கற்றுத் தந்தவள் என் அக்கா மகள். சென்ற கோடையில் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தாள். வீட்டில் யாரும் பயன்படுத்தாமல் கிடந்த பழைய லேப்டாப்பில் பைத்தான் மொழியில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் மதியம், “சித்தி, இங்க வந்து பாருங்களேன்” என்று கூப்பிட்டாள். திரையில் ஒரு பச்சைப் பாம்பு கட்டம் கட்டமாக ஊர்ந்து போனது. எனக்கு உடனே பழைய நோக்கியா போன் நினைவுக்கு வந்தது. பஸ் வரும் வரை நிறுத்தத்தில் நின்றுகொண்டு நம்மில் எத்தனை பேர் அந்தப் பாம்பை ஓட்டியிருப்போம்! பின்லாந்துப் பொறியாளர் தானெலி அர்மாந்தோ எழுதிய அந்த விளையாட்டு, 1997-இல் நோக்கியா 6110 போனில் முதலில் வந்தது.

“பாம்பு நகருதுல்ல சித்தி, அது எப்படி நகருதுன்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டாள்.

“ஒவ்வொரு துண்டும் ஒரு கட்டம் முன்னால போகுது” என்றேன்.

சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். “நானும் முதல்ல அப்படித்தான் எழுதினேன். திரும்புற இடத்துல எல்லாம் குழம்பிப்போச்சு. நடுவுல இருக்கிறதைத் தொடவே வேண்டாம் சித்தி. தலைக்கு முன்னால புதுசா ஒரு கட்டம் சேர்க்கணும், வால்ல ஒரு கட்டத்தை எடுத்துடணும். அவ்வளவுதான், பாம்பு நகர்ந்துடும்.”

“அப்ப இரை தின்னா?”

“அந்த ஒரு தடவை மட்டும் வாலை எடுக்காம விட்டுடணும். தானா வளர்ந்துடும்.”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கணினி அறிவியலில் இதற்குக் ‘கியூ’ என்று பெயர். ரேஷன் கடை வரிசையைப் போல, முதலில் வந்தது முதலில் வெளியேறும். புதிதாக வருவது மறுமுனையில் சேரும். கல்லூரியில் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இதை நான் மனப்பாடம் செய்து, பெட்டிப் பெட்டியாகப் படம் வரைந்து, முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அது எதற்கு என்று எனக்குத் தெரியாது. இவளுக்கு அதன் பெயர் தெரியாது. அது எதற்கு என்று தெரிந்திருந்தது. பாம்பு திரும்ப வேண்டும் என்ற தேவை அவளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது.

அடுத்த இரண்டு நாட்களில் நடந்தது இதைவிட முக்கியம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பாம்பு, வேகமாகத் திருப்பும்போது எப்போதாவது காரணமே இல்லாமல் செத்துப்போனது. எதிலும் மோதவில்லை, சுவரும் பக்கத்தில் இல்லை. வலப்பக்கம் போகும் பாம்பு சட்டென்று இடப்பக்கம் திரும்பினால் தன் கழுத்திலேயே முட்டிக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். அதைத் தடுக்கவும் எழுதியிருந்தாள். பிறகும் ஏன்? பாம்பின் வேகத்தை நொடிக்கு ஒரு கட்டமாகக் குறைத்தாள். எந்த விசையை அழுத்தினால் என்ன ஆகிறது என்று நோட்டில் ஒவ்வொரு வரியாக எழுதினாள். இரண்டாம் நாள் மாலை விடை கிடைத்தது. வலப்பக்கம் போகும்போது மேல் விசையையும் இட விசையையும் அடுத்தடுத்து மின்னல் வேகத்தில் அழுத்தினால், பாம்பு மேலே ஒரு கட்டம்கூட ஏறுவதற்கு முன்பே திசை ‘இடம்’ என்று மாறிவிடுகிறது. அப்போதைய திசை ‘மேல்’ என்று பதிவாகியிருப்பதால் நிரல் அதை அனுமதித்துவிடுகிறது. கடைசியாக அழுத்திய திசையோடு ஒப்பிடாமல், பாம்பு கடைசியாக உண்மையிலேயே நகர்ந்த திசையோடு ஒப்பிட வேண்டும். ஒரு வரியை மாற்றினாள். அதன் பிறகு பாம்பு காரணமில்லாமல் சாகவில்லை.

யாரும் அவளைத் திட்டவில்லை, யாரும் மதிப்பெண் குறைக்கவில்லை. தவறு திரையில் எல்லோருக்கும் தெரியும்படி நின்றது, அவளே தேடிப்போய்த் திருத்தினாள். விளையாட்டு செய்து பழகுவதன் முழுப் பயனும் இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். இரண்டு எண்களைக் கூட்டும் நிரல் தப்பாகப் போனால் விடை மட்டும் தப்பாக வரும்; அதைக் கண்டுபிடிக்க இன்னொருவர் வேண்டும். பந்து சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போனால், ஐந்து வயதுத் தம்பிகூட “தப்பு” என்று கத்துவான்.

தவறு வந்ததும் துவண்டுபோகும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. 1980-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் டோரு இவாதானி உருவாக்கிய பேக்-மேன் உலகம் முழுவதும் ஓடிய விளையாட்டு. அதில் 255 நிலைகளைத் தாண்டி 256-ஆம் நிலைக்குப் போனால், திரையின் வலப்பாதி முழுவதும் எழுத்தும் கிறுக்கலுமாகச் சிதறிவிடும். நிலையின் எண்ணை ஒரே பைட்டில் வைத்திருந்தார்கள். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். அதைத் தாண்டியதும் கணக்கு 0-க்குத் திரும்பி, பழங்களை வரையும் பகுதி குழம்பிப்போகிறது. கைதேர்ந்தவர்களின் வேலையிலும் பிழை இருக்கும். உங்கள் பாம்பு செத்துப்போனால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த வேலை உள்ளே எப்படி நடக்கிறது என்று பெற்றோருக்கும் சொல்லிவிடுகிறேன். சினிமாப் படச்சுருள் நொடிக்கு 24 படங்கள் ஓடுவதைப்போல, கணினி விளையாட்டு பெரும்பாலும் நொடிக்கு 60 முறை திரையைப் புதிதாக வரைகிறது. ஒவ்வொரு முறையும் மூன்று வேலைகள். எந்த விசை அழுத்தப்பட்டது என்று பார்க்க வேண்டும். அதனால் எது எங்கே மாறுகிறது என்று கணக்கிட வேண்டும். மாறியதை வரைய வேண்டும். இந்த மூன்றும் சுற்றிச் சுற்றி நடப்பதுதான் லூப். ஸ்கோரைப் பிடித்து வைத்திருப்பது மாறி. ‘தலை சுவரில் பட்டதா?’ என்று கேட்பது நிபந்தனை. பாடப்புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்களாக வரும் இவை எல்லாம் ஒரு பாம்புக்குள் ஒன்றாக வாழ்கின்றன.

கணக்கும் இயற்பியலும் கூடவே வந்துவிடும். கிராஃப் தாளில் மேலே போகப் போக y கூடும். கணினித் திரையில் பெரும்பாலும் கீழே போகப் போகத்தான் கூடும். இதில் ஒருமுறை தடுமாறி எழுந்த பிள்ளைக்கு ஆயத்தொலைவு என்ற சொல் அதன்பின் மறக்காது. ஓடும் ஒரு பொம்மையைக் குதிக்க வைக்க, மேல்நோக்கி ஒரு வேகம் கொடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்நோக்கிய வேகத்தைக் கூட்டினால் போதும். பொம்மை உயர்ந்து, தயங்கி, வளைந்து இறங்கும். மாங்காய்க்கு எறிந்த கல் போகும் அதே பாதை.

‘இந்தக் காலத்தில் இருபரிமாண விளையாட்டை யார் சீந்துகிறார்கள்?’ என்று பிள்ளைகள் கேட்கலாம். முப்பரிமாண விளையாட்டுக்கு உருவங்கள், ஒளி, கேமராக் கோணம் எல்லாம் வேண்டும். பெரிய விளையாட்டுகளுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கானோர் உழைக்கிறார்கள். தட்டையான விளையாட்டுக்கு ஒரு பிள்ளையும் ஒரு கிராஃப் தாளும் போதும். சிறியதாக இருப்பது குறை இல்லை. 1972-இல் அட்டாரி நிறுவனத்தில் சேர்ந்த ஆலன் அல்கார்னுக்கு, கை பழகட்டும் என்று அதன் நிறுவனர்களில் ஒருவரான நோலன் புஷ்னெல் கொடுத்த பயிற்சி வேலைதான் போங். இரண்டு மட்டை, ஒரு பந்து. அதில் நிரலே கிடையாது, எல்லாம் மின்சுற்று. பயிற்சிக்காகச் செய்தது ஒரு தொழிலையே தொடங்கி வைத்தது. 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் டெட்ரிஸை எழுதியபோது, அவரிடம் இருந்த எலெக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரையவே வழியில்லை. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். நம் கையில் தவழ்ந்த நோக்கியா 3310-இன் திரை 84-க்கு 48 புள்ளிகள், அவ்வளவுதான்.

எங்கே தொடங்குவது? எட்டு வயது முதலே ஸ்கிராட்ச் என்ற நிரல்மொழி பொருந்தும். அதற்கு ஒரு முன்கதை உண்டு. 1967-இல் சேமூர் பேப்பர்ட்டும் அவருடைய தோழர்களும் குழந்தைகளுக்காக லோகோ என்ற மொழியை உருவாக்கினார்கள். அதில் ஆமைக்குக் கட்டளை கொடுத்துக் கோலம்போலக் கோடுகள் வரைந்த பிள்ளைகளில் நம் ஊர்ப் பள்ளி மாணவர்களும் உண்டு. அந்த வழியில் வந்த மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலிருந்து 2007-இல் வெளியிட்டது ஸ்கிராட்ச். கட்டளைக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தினால் நிரல் தயார். இலவசம், ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே இதைப் பற்றிப் பாடம் இருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்குப் பைத்தானும், அதில் விளையாட்டு எழுத உதவும் பைகேமும். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான்தான் படிக்கப்போகிறார்கள். இரண்டும் இலவசம், பழைய கணினியே தாங்கும்.

பிள்ளைகளே, உங்களுக்கு மூன்று வார்த்தை. முதலாவது, முதல் விளையாட்டு சின்னதாக இருக்கட்டும். கூடையில் விழும் பழத்தைப் பிடிப்பது, மட்டையால் பந்தைத் தட்டுவது, பிறகு பாம்பு, அதன்பின் செங்கல் உடைப்பது என்று ஏறுங்கள். இரண்டாவது, வீடியோவைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்தால் விளையாட்டு ஓடும், ஆனால் அது உங்களுடையது ஆகாது. ஓடியதும் ஏதாவது ஓர் எண்ணை மாற்றிப் பாருங்கள். ஈர்ப்பை மூன்று மடங்காக்குங்கள், பந்தை இரண்டாக்குங்கள். எது உடைகிறது என்று பார்த்தால் எது எதைத் தாங்குகிறது என்று தெரிந்துவிடும். மூன்றாவது, தொடங்கியதை முடியுங்கள். தொடக்கம், ஆட்டம், ‘ஆட்டம் முடிந்தது’ என்ற திரை, மறுபடி ஆட ஒரு பொத்தான் ஆகிய நான்கும் இருந்தால்தான் அது முழு விளையாட்டு. பாதியில் நிற்கும் பத்துப் பெரிய கனவுகளைவிட, பாட்டி உட்கார்ந்து ஆடிப் பார்க்கக்கூடிய ஒரு சின்ன விளையாட்டு மேல்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்குக் கோடிங் தெரிய வேண்டிய அவசியமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடுங்கள். ‘இது எப்படி நகருது?’ என்று கேளுங்கள். விளக்கிச் சொல்லும்போதுதான் பிள்ளைக்கே அது முழுதாகப் புரியும். இதை நாளைய வேலைக்கும் சம்பளத்துக்கும் முடிச்சுப் போட வேண்டாம். தன் தவறைத் தானே தேடிக் கண்டுபிடிக்கப் பழகிய பிள்ளை, டாக்டரானாலும் தையல் கடை வைத்தாலும் அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

இந்தக் கோடை இதழின் நடுப்பக்கத்தில் பாம்பு விளையாட்டைப் படிப்படியாகக் கொடுத்திருக்கிறோம். செய்து பாருங்கள். பள்ளி திறப்பதற்குள் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எத்தனை ஸ்கோர் எடுத்தீர்கள் என்று எழுத வேண்டாம். என்ன பிழை வந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் இந்தப் பக்கத்தை உங்கள் கடிதங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்