மருத்துவச்சிக்கும் பாடம் வேண்டும்

பிரசவம் என்றால் ஆஸ்பத்திரி. மருத்துவச்சி என்றால் அறியாமை. நகரவாசிகள் பலர் இப்படித்தான் எண்ணுகின்றனர். ஆனால் ஆஸ்பத்திரிக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டிய ஊரில், நடுநிசியில் வலி கண்ட பெண் என்ன செய்வாள்? அடுத்த தெரு மருத்துவச்சியைத்தான் கூப்பிடுவாள். அந்த அம்மாளுக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்தே ஓர் உயிர் பிழைக்கும், அல்லது போகும்.

ஆப்பிரிக்காவிலுள்ள ஸாம்பியா நாட்டில் லுஃப்வன்யாமா என்றொரு ஜில்லா. பெரும்பாலும் கிராமங்கள். 2006 முதல் 2008 வரை அங்கே ஒரு சோதனை நடந்தது. 127 மருத்துவச்சிகளை இரு பிரிவாகப் பிரித்தனர். சுத்தமாகப் பிரசவம் பார்க்கும் முறை எல்லோருக்குமே முன்பே தெரியும். ஒரு பிரிவினருக்கு மட்டும் இரண்டு பாடங்களைக் கூடுதலாகக் கற்பித்தனர்.

முதற் பாடம், பிறந்தும் அழாத குழந்தையைப் பற்றியது. ஈரம் போகத் துடைத்து, உடம்பைத் தேய்த்துவிட்டு, மூக்கிலும் வாயிலும் அடைத்திருப்பதை எடுக்க வேண்டும். அப்படியும் மூச்சு வராவிட்டால், சிறு முகமூடியை வைத்து ஊத வேண்டும். இரண்டாம் பாடம், கிருமி தொற்றியதன் அடையாளங்களைக் கண்டறிவது. கண்டவுடன் அமாக்ஸிஸிலின் மருந்தை ஒரு வேளை கொடுத்து, குழந்தையைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

பலன் என்ன? பயிற்சி பெற்றவர்கள் பார்த்த பிரசவங்களில், பிறந்த 28 நாட்களுக்குள் நேரும் சிசு மரணம், மற்றப் பிரிவைவிட 45 சதவிகிதம் குறைந்திருந்தது!

இதைக் கொண்டு, மருத்துவச்சியே போதும், டாக்டர் வேண்டாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தாய்க்கு உதிரம் பெருகினாலும், குழந்தை குறுக்கே கிடந்தாலும் மருத்துவச்சியால் ஆவதொன்றுமில்லை. பயிற்சி பெற்றிருந்தாலும் இவர்களைத் தேர்ந்த பிரசவ ஊழியராகக் கணக்கிட முடியாதென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2004-இல் கூறியதும் இதனால்தான். ஒவ்வொரு தாய்க்கும் தேர்ந்த நர்ஸும் ஆஸ்பத்திரியும் கிடைக்க வேண்டும் என்ற லட்சியம் சரியானதே.

ஆனால் லட்சியம் நிறைவேறும் வரை குழந்தைகள் பிறக்காமல் காத்திருக்குமா? சாலையும் டாக்டரும் போய்ச் சேராத ஊர்களில் மருத்துவச்சியை ஏளனம் செய்து ஒதுக்குவதால் ஓர் உயிரும் பிழைக்காது. அவருக்குக் கற்பிக்க வேண்டும். கற்றது மறவாதபடி அடிக்கடி பழக்க வேண்டும். அவர் அனுப்பும் தாயையும் சேயையும் மரியாதையுடன் ஏற்கும் சுகாதார நிலையமும் இருக்க வேண்டும். தம்மால் ஆகாததை உணர்ந்து காலத்தில் அனுப்பி வைக்கும் மருத்துவச்சியே நல்ல மருத்துவச்சி. அப்படி அனுப்ப ஓர் இடம் அமைத்துக் கொடுப்பது சர்க்காரின் கடமை.